பாடித்தான் சொல்ல முடிந்தது

அண்ணனை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது ஒரு மரப் பெஞ்சு. அதன் முன்கால்கள் நீளம், பின்கால்கள் குட்டை. தரையில் போட்டால் குழந்தைகூட உட்கார முடியாது, சரிந்து விழும். சரிந்த தகரக் கூரைமேல் வைத்தால் மட்டும் பலகை மட்டமாக நிற்கும். அதன்மேல் மிக்ஸர் பெட்டியை வைத்து, பனிக்கு ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, பந்தலூருக்கு மேலே இருந்த எங்கள் எஸ்டேட்டின் மாரியம்மன் திருவிழாவுக்கு வருடா வருடம் அண்ணன் சவுண்டு பார்த்தார். அந்தக் கூரைக்குக் கீழே இருந்தது பிள்ளைக் காம்பரா, கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டடம். சிலோனிலிருந்து வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த பெயர் அது. எங்கள் அப்பாவும் அம்மாவும் அப்படி வந்தவர்கள்தாம்.

பெட்டியைக் கூரையில் ஏற்றியது அண்ணனின் விருப்பம் அல்ல. மேடைக்கு நேர் எதிரே, ஆட்கள் நடுவில் உட்கார்ந்தால்தான் ஆட்களுக்குக் கேட்பது அவருக்கும் கேட்கும். ஆனால் எங்கள் மலையில் சமதரை என்பது ஆளுக்கு ஒரு பாய் அளவுதான். "நடுவுல பெட்டியப் போட்டா பொம்பளைங்க எங்க உக்காருவாங்க?" என்று கமிட்டித் தலைவர் கேட்டுவிட்டார். அண்ணன் சுற்றிலும் பார்த்தார், கூரையைக் காட்டினார். தகரத்தில் ஆணி அடித்திருக்கும் வரிசையை மட்டும் மிதித்து நடந்தால் அடியில் மரச்சட்டம் இருக்கும், தகரம் சத்தம் போடாது. அதைக் கண்டுபிடித்ததும் அவர்தான். முதல் வருடம் அலுத்துக்கொண்டு ஏறியவர், பிறகு அந்த இடத்தை விரும்பத் தொடங்கிவிட்டார். அங்கிருந்து மேடையும் கூட்டமும் கூட்டத்துக்குப் பின்னால் தேயிலைக்குள் இறங்கும் பாதையும் தெரியும். "ரா... ராஜா மாதிரி இருக்கு, தங்கச்சி," என்றார் ஒருமுறை.

அண்ணனுக்குப் பேச்சு திக்கும். வீட்டில் எங்களோடு மெதுவாகப் பேசுவார், நாங்களும் காத்திருப்போம். வெளியில் வாயே திறக்க மாட்டார். ஊரெல்லாம் மைக் கட்டிய அந்த மனிதர் மைக்கில் ஒரு சொல் பேசியதில்லை. "ஒன், டூ, த்ரீ" சொல்லிப் பார்ப்பது என் வேலை. பகலில் பஜாரில் ஒரு ஜவுளிக் கடையில் துணி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன், சாயங்காலங்களில் அண்ணனின் செட்டுக்கு அறிவிப்பாளர். அவர் கையசைவை வைத்தே நான் மைக்கை விட்டுத் தள்ளி நிற்பேன், நெருங்கிப் பேசுவேன். பாடும்போது மட்டும் அவருக்குத் திக்காது. என் மகளைத் தொட்டிலில் போட்டு அவர் தாலாட்டினால் ஒரு சொல்கூட இடறாது. இது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த விஷயம்.

ஒரு வருடம் திருவிழாவில் பிள்ளைகளின் நடனம் நடந்துகொண்டிருந்தது. வெளிச்சம் முழுதாகப் போகவில்லை. மேடை விளக்கு என் கண்ணில் அடித்ததால் முன்வரிசைக்கு அப்பால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று பாட்டு நின்றது. ஆடிய பிள்ளைகள் கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்கள். கரண்ட் போய்விட்டதென்று நினைத்தேன், ஆனால் விளக்குகள் எரிந்தன. அப்போது ஸ்பீக்கர்களில் அண்ணன் குரல் வந்தது.

"யா... யா... யா..."

கூரையிலிருந்து மேடைக்குப் பேசுவதற்காக ஒரு மைக் அவரிடம் இருந்தது. அதை அவர் தொட்டு நான் பார்த்ததே இல்லை. சொல் நகரவில்லை. அந்த ஓர் எழுத்து மலைச்சரிவு முழுவதும் போய் மோதித் திரும்பி வந்தது. முதலில் சிறுவர்கள் சிரித்தார்கள். பிறகு பெரியவர்கள். "அண்ணே, ரிகார்டு தேஞ்சுபோச்சா?" என்று யாரோ கத்தினார்கள். எனக்கு முகம் எரிந்தது. இத்தனை வருடம் வீட்டுக்குள் வைத்து நாங்கள் காத்தது ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. என் கையில் மைக் இருந்தது, எதைச் சொல்லி அதை மூடுவது என்று தெரியாமல் நின்றேன்.

பிறகு அண்ணன் பாடினார்.

என் மகளைத் தூங்கவைக்கும் அதே மெட்டு. "ஆனை வருதே... பின்னால ஆனை வருதே... புள்ளைங்களத் தூக்கிக்கங்க... காம்பராவுக்குள்ள போங்க..." ஒரு சொல் இடறவில்லை. கூட்டம் இன்னும் பெரிதாகச் சிரித்தது. சிலர் தாளத்துக்குக் கைதட்டினார்கள். அவர் நிறுத்தாமல் மறுபடியும் அதையே பாடினார், இந்த முறை குரல் உயர்ந்தது. பின்வரிசையில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அவள் போட்ட அலறலில்தான் கைதட்டல் நின்றது.

பாதையில் ஒரு கொம்பன் யானை இறங்கிக்கொண்டிருந்தது. அன்னதானத்துக்கு வைத்திருந்த வாழைத்தார்களின் வாசம் இழுத்திருக்க வேண்டும். சுண்டல் வாங்கிய பிள்ளைகள் அந்தப் பாதையோரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். தூக்க முடிந்தவர்களைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பிள்ளைக் காம்பராவுக்குள் ஓடினோம். ஒரு கிழவருக்குக் கால் பிசகியது, அவ்வளவுதான். யானை வாழைத்தார்களைத் தின்றது, சோற்று அண்டாவைக் கவிழ்த்தது, ஒரு ஸ்பீக்கரைத் தள்ளிவிட்டு வந்த வழியே ஏறிப் போனது.

உள்ளே மூச்சு விடாமல் இருந்தோம். யானை போய்விட்டது என்று ஜன்னலோரம் நின்றவர் சொன்னதும், இருட்டு மூலையிலிருந்து ஒருவன், "யா... யா... யா..." என்றான். காம்பரா முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பயம் கலைந்த சிரிப்புதான், அதில் வன்மம் இல்லை என்பது இன்றைக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் தலைக்கு மேலே ஒரு தகரம்தான் இருந்தது, அதற்கு மேலே அண்ணன் இருந்தார். வேறொருவன் தாலாட்டையும் பாடிக் காட்டினான். நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன். அப்போது மேலே தகரம் சத்தம் போட்டது. ஆணி வரிசை பார்த்து நடப்பவர், அன்று எங்கெங்கோ மிதித்து இறங்கினார்.

யாரோ அதைப் போனில் எடுத்திருந்தார்கள். யானை அதில் சரியாகத் தெரியவில்லை, அண்ணன் குரல்தான் தெளிவாக இருந்தது. பஸ்ஸில் கேட்டேன். ஜவுளிக் கடையில் என்னோடு வேலை செய்தவள் போனில் கேட்டேன். அண்ணன் பஜாருக்கு வருவதை நிறுத்தினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒரு பெண் தன் மகனோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பாதையோரத்தில் சுண்டலோடு உட்கார்ந்திருந்தவர்களில் அவனும் ஒருவன். வாசலில் அவள் குரல் கேட்டதுமே அண்ணன் எழுந்து பின்பக்கம் போய்விட்டார்.

"உங்க அண்ணன் இல்லன்னா எம்புள்ள இல்லீங்க," என்றாள். பையனின் தலையைத் தடவியபடியே அழுதாள்.

பையன் உள்ளே எட்டிப் பார்த்தான். "ஆனைப் பாட்டு மாமா எங்க? ஒருவாட்டி பாடச் சொல்லுங்க," என்றான். ஆசையாகத்தான் கேட்டான். பின்கதவு சாத்தும் சத்தம் எனக்குக் கேட்டது.

மறு வருடத் திருவிழாவுக்குக் கமிட்டிக்காரர்கள் கூப்பிட வந்தார்கள். "இந்தத் தடவ நடுவுலயே எடம் விட்டுர்றோம்" என்றார்கள். அண்ணன் தலையாட்டி மறுத்தார். கொஞ்ச நாளில் செட்டை விற்றுவிட்டுக் குன்னூர்ப் பக்கம் ஒரு சவுண்டு கம்பெனிக்கு வேலைக்குப் போனார். எனக்கும் பின்னால் அங்கேயே கல்யாண நிகழ்ச்சிகளில் அறிவிப்பு வேலை கிடைத்தது.

அங்கே பெரிய ஓட்டல்களில் கல்யாணம் நடத்துபவர்களுக்கு மிக்ஸர் பெட்டியும் வயரும் போட்டோவில் விழக் கூடாது. பாத்திர அறை, மாடிப்படிக்கு அடி, திரைக்குப் பின்னால் என்று எங்காவது தள்ளுவார்கள். மற்ற சவுண்டுக்காரர்கள் இதற்காகச் சண்டை பிடிப்பார்கள். கண்ணால் பார்க்காமல், கூடத்தில் கேட்பது காதில் விழாமல் எப்படி வேலை செய்வது? அண்ணன் சண்டை பிடிப்பதில்லை. அவரே போய் அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் சமையலறையை ஒட்டிய அறையில் அவரைப் பார்த்தேன். அடுக்கிய தட்டுகளுக்கு நடுவே, மேடையைக் காட்டும் ஒரு குட்டி டி.வி.க்கு முன்னால், ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் இல்லை.

"இங்கருந்து எப்படிண்ணே?" என்றேன்.

"ந... நல்லாதான் இருக்கு. யா... யாரும் வர மாட்டாங்க." டி.வி.யைப் பார்த்தபடியே, "க... கடைசில நன்றி சொல்றப்ப எம் பேரு வேணாம், தங்கச்சி," என்றார்.

எப்போதும் சொல்வதுதான். நானும் எப்போதும் கேட்டுக்கொள்வதுதான். அன்றைக்கு மேடையில் சமையல்காரருக்கு நன்றி சொன்னேன், பூ அலங்காரம் செய்தவருக்கு, விளக்கு போட்டவருக்குச் சொன்னேன். அடுத்து வர வேண்டியது அண்ணன் பெயர். என் குரல் உடைந்தது. அது ஸ்பீக்கருக்குப் போவதற்குள் ஜன்னல் இல்லாத அந்த அறையிலிருந்து அண்ணன் ஏற்றிய நாதஸ்வரம் மெல்ல எழுந்து என்னை மூடிக்கொண்டது. கூடத்தில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. சாப்பிடப் போகலாம் என்று எல்லோரும் எழுந்தார்கள்.