அப்படியே பாடணும்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தும், அந்தத் தொடக்கப் பள்ளியில் எல்லோருக்கும் அவர் பாட்டு டீச்சர்தான். காலையில் பாட்டு, மதியம் பாட்டு, நேரம் கழித்து வந்தால் தலைமை ஆசிரியையிடம் பாட்டு, வீட்டில் விளக்கை அணைக்க மறந்தால் கணவரிடம் பாட்டு என்று ஆசிரியர் அறையில் அவரைக் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்து வைப்பார். கொஞ்ச காலமாகச் சிரித்து வைப்பதே அலுப்பாக இருந்தது.

அவருக்கென்று தனி வகுப்பறை கிடையாது. வகுப்பு வகுப்பாக அவர்தான் ஏறி இறங்க வேண்டும். உள்ளே நுழைந்தால் பலகையில் முந்தைய பாடத்தின் கழித்தல் கணக்கு அப்படியே இருக்கும். ஒருத்தி பென்சில் சீவிக்கொண்டிருப்பாள், ஒருவன் பெஞ்சுக்கு அடியில் தொலைந்த செருப்பைத் தேடிக்கொண்டிருப்பான். பாட்டுப் பாடம்தானே, அது பாட்டுக்கு நடக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. கீபோர்டு ஒன்று இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. அது சாமான் அறையில் உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி வாங்கித் தருகிறோம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள், சொன்னதோடு சரி. ஆகவே டீச்சருக்குத் தொண்டைதான் வாத்தியம்.

முறையும் ரொம்ப எளிது. அவர் ஒரு வரி பாடுவார், பிள்ளைகள் அதைத் திருப்பிப் பாட வேண்டும்.

"நான் எப்படிப் பாடறேனோ அப்படியே பாடணும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்!"

எந்த வகுப்பிலும் ஒரு மேதாவி இருப்பான். வரியின் கடைசியில் தன் பங்குக்கு ஒரு இழுப்பு இழுத்து வைப்பான். "உன் சரக்கை எல்லாம் வீட்டுல வெச்சுக்க ராஜா. இங்க அப்படியே" என்பார் டீச்சர். கற்றுக்கொடுத்த காலமெல்லாம் அந்த ஒரு சொல்லை வைத்தே ஓட்டிவிட்டார். பிள்ளைகளும் அவரைக் கண்டாலே தமக்குள் "அப்படியே, அப்படியே" என்று முணுமுணுத்துக்கொள்வார்கள்.

பக்கத்து வகுப்பின் கணக்கு சார் மட்டும் அவ்வப்போது கதவில் தலையை நீட்டுவார். "டீச்சர், கொஞ்சம் அடக்கி வாசிங்க. இங்க ஒருத்தனுக்கும் கழித்தல் ஏற மாட்டேங்குது." அவர் வகுப்பில் கழித்தல் ஏறாததற்குப் பாட்டு என்ன பாவம் செய்தது? ஆனாலும் டீச்சர் அடக்கி வாசித்தார். சண்டை போடவும் ஒரு தெம்பு வேண்டுமே.

வீட்டுக்குப் போனாலும் தொண்டைக்கு ஓய்வில்லை. கணவர் நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த இயந்திரங்களின் இரைச்சலில் அவர் காது பாதி போய்விட்டது. "காபி வேணுமா?" என்பதைக்கூடத் தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொல்ல வேண்டும். மகள் வெளியூரிலிருந்து போனில் கூப்பிட்டால், அவள் சொன்னதையெல்லாம் அப்பாவுக்கு மறு ஒலிபரப்புச் செய்வதும் டீச்சர்தான்.

முதலில் குரல் கரகரத்தது. சளி என்று நினைத்தார். பிறகு மேல் சுரம் பிடிக்கப் போனால் குரல் பாதி வழியில் உடைந்து கீழே விழுந்தது. கடைசியில் தொண்டை டாக்டரிடம் போனார். டாக்டர் ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"குரல்வளையில முடிச்சு விழுந்திருக்கும்மா. பாட்டே கூடாது. கொஞ்ச மாசம் பேசாம இருங்க, தானா கரையப் பாக்கும்."

"பேசாம இருங்கன்னு ரொம்ப சுலபமாச் சொல்லிட்டீங்க" என்று டீச்சர் சொல்ல வாயெடுத்தார். "சுலபமா" வரைக்கும்தான் சத்தம் வந்தது.

பள்ளியில் அவர் மூச்சு விடவில்லை. காரணம் இருந்தது. தலைமை ஆசிரியை ஏற்கனவே ஒரு ஒலிப்பெட்டி வாங்கி அலமாரியில் வைத்திருந்தார். "டீச்சர், உங்களுக்கு எப்ப முடியலையோ சொல்லுங்க. பெட்டி பாடிடும். நீங்க பசங்களைப் பிடிச்சு உக்கார வெச்சாப் போதும்" என்று அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த நல்ல மனதுதான் டீச்சரைக் குடைந்தது. ஒரு பக்கம், விட்டால் போதும், எங்கேயாவது காலை நீட்டி உட்காரலாம் என்றிருந்தது. இன்னொரு பக்கம், ஒரு பெட்டி பாட, தான் வாயில் விரலை வைத்துக்கொண்டு வாசலில் நிற்பதை நினைக்கவே பிடிக்கவில்லை. பாட்டு போய்விட்டால் பாட்டு டீச்சரில் என்ன மிஞ்சும்? வெறும் டீச்சர். அதற்குத்தான் கணக்கு சார் இருக்கிறாரே.

ஆக, மறைத்தார். பெற்றோர் கூட்டத்துக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாட வைக்க வேண்டும். அவரே மெட்டுக் கட்டிய பட்டம் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார்.

"ஏறுது ஏறுது எங்க பட்டம்,
ஏணி இல்லாம ஏறுது பட்டம்,
மேகத்துக்கும் மேலே, மேலே..."

அந்த இரண்டாவது "மேலே"யில்தான் குரல் உச்சிக்குப் போக வேண்டும். டீச்சர் போவார், குரல் போகாது. கம்மிக் கீழே இறங்கிவிடும். உடனே தொண்டையில் கையை வைத்து "க்ஹும்" என்று ஒரு செருமல் செருமிவிட்டு அடுத்த வரியைப் பிடித்துக்கொள்வார். பிள்ளைகள் திருப்பிப் பாடும்போது அவர் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொள்வார். அந்த நேரம்தான் அவருக்குக் கிடைத்த ஓய்வு. அசதியில் காதும் பாதி மூடித்தான் இருந்தது. சத்தம் வருகிறது, எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள், அதற்குமேல் அவர் எதையும் கேட்கவில்லை.

பெற்றோர் கூட்டத்தன்று பிள்ளைகள் வழித்து வாரிய தலையோடு மேடையேறினார்கள். வழக்கமாக டீச்சர் முன்னால் நின்று கூடவே பாடுவார். இந்த முறை, "அவங்களே பாடட்டும்" என்று பெருந்தன்மையாக ஓரமாக நின்றுகொண்டார்.

பட்டம் ஏறியது. ஏணி இல்லாமல் ஏறியது. முதல் "மேலே" நன்றாகவே வந்தது. இரண்டாவது "மேலே"யில் மொத்த வகுப்பும் ஒன்றுபோலக் கரகரத்துக் கீழே விழுந்தது. விழுந்த கையோடு எல்லோரும் தொண்டையில் கையை வைத்தார்கள். "க்ஹும்!"

அடுத்த வரி கணீரென்று தொடர்ந்தது.

மண்டபம் ஒரு கணம் திகைத்தது, பிறகு கொல்லென்று சிரித்தது. அடுத்த சரணத்திலும் அதே இடத்தில் அதே செருமல். ஏதோ வேடிக்கைக்குச் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு அப்பா எழுந்து நின்று கைதட்டினார். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை, இன்னும் அழகாகச் செருமினார்கள். டீச்சருக்கு நின்ற இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. தலைமை ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. அவர் மேடையைப் பார்க்கவில்லை, டீச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் அறைக்குக் கூப்பிட்டார்.

"எவ்வளவு நாளா டீச்சர் இப்படி?"

டீச்சர் ஏதேதோ சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்துத்தான் போனார். வாயைத் திறந்ததும் காற்றுதான் வந்தது. இருந்ததைச் சொல்லிவிட்டார், டாக்டர் சொன்னது உட்பட.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்றார் தலைமை ஆசிரியை. குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. "திங்கக்கிழமையிலேர்ந்து பெட்டி வந்துடும். நீங்க தொண்டையைப் பாருங்க."

வீட்டில் அன்று டீச்சர் அடுக்களையிலேயே நின்றார். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார், மறுபடி எடுத்துக் கழுவினார். கணவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்றார். டீச்சர் அடுக்களையிலிருந்து கத்திச் சொல்லப் போனார்.

"கத்தாத. கழுத்து நரம்பு எப்படிப் புடைக்குது பாரு" என்று அவர் எழுந்து பக்கத்தில் வந்தார். "மில்லுல எவன் வாயைத் திறந்தான்? எல்லாம் கைதான். நூல் அறுந்தா இப்படி, நிறுத்துன்னா இப்படி, ஏத்துன்னா இப்படி." கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "நீ கையால சொல்லு, நான் புரிஞ்சுக்கறேன்."

இத்தனை வருஷமாக இதை ஏன் சொல்லவில்லை என்று டீச்சருக்கு எரிச்சல் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் கையால் சொல்லத் தெரியாததால் கணவரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை இரண்டாம் வகுப்பு மேசையில் பெட்டி வந்து உட்கார்ந்திருந்தது. தலைமை ஆசிரியையே கொண்டுவந்து, ஒயரைச் செருகுவதற்குச் சுவரில் துளை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். டீச்சர் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்றார். தன் தொண்டையைக் காட்டினார், கையை விரித்துக் காட்டினார். பிறகு கையை இடுப்பளவில் வைத்து மெல்ல ஏற்றினார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அந்தக் கை போன வழியே பாட்டில் ஏறினார்கள். முதல் "மேலே"க்குக் கை நெற்றிக்கு வந்தது. இரண்டாவதற்கு டீச்சர் குதிகாலைத் தூக்கி, கையைத் தலைக்கு மேல் எட்டும் மட்டும் உயர்த்தினார்.

வகுப்பு அங்கே போனது. பிசிறில்லாமல், முட்டாமல் போய் அங்கேயே நின்றது. டீச்சரின் குரல் நன்றாக இருந்த நாளிலும் அவ்வளவு சுத்தமாக நின்றதில்லை. அவருக்குக் கையை இறக்கவே மனம் வரவில்லை.

இறக்கியதும், பிள்ளைகள் எல்லோரும் "க்ஹும்!"

முன் பெஞ்சில் பல் விழுந்த சிறுமி ஒருத்தி கையைத் தூக்கினாள். "டீச்சர், இவ்ளோ மேலயா? இது எங்களுக்கு அப்பவே வந்துச்சே."

பிறகு ஏன் பாடவில்லை என்று டீச்சர் கையாலேயே கேட்டார். அவளுக்குப் புரிந்தது.

"நீங்கதான அப்படியே பாடணும்னு சொன்னீங்க."

டீச்சர் நினைத்துப் பார்த்தார். எத்தனை பிள்ளைகள், எத்தனை வருஷம், தன் குரல் எட்டிய இடத்தோடு நின்றார்களோ. பக்கத்துப் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

தலைமை ஆசிரியை சுவரை விட்டு நிமிர்ந்தார். கையிலிருந்த ஒயரைப் பெட்டியில் சுற்றி, பெட்டியை இடுக்கிக்கொண்டார். "இது அலமாரியிலயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு டீச்சர், டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. திறந்தீங்க, என்கிட்ட பாட்டு விழும்." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

வகுப்பு டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டில் அந்தச் செருமல் கிடையாது, அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். அதற்குக் கையால் என்ன காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு வார்த்தை மெதுவாகப் பேசினால் தப்பில்லை என்று எழுந்து நின்று, தொண்டையில் கையை வைத்துச் செருமினார்.

மொத்த வகுப்பும் எழுந்து நின்று, தொண்டையில் கையை வைத்து, அப்படியே செருமியது.