முட்டிக்காகப் போனோம், நெஞ்சைப் பார்த்தார்கள்: கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ஒரு நாள்

இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கோயில், கடற்கரை, நல்ல தோசை கிடைக்கும் கடை என்றுதான் எழுதுவேன். இந்த முறை ஆஸ்பத்திரிப் பயணம். வயதானவர்களை ரயிலில் கோலாலம்பூருக்கு அழைத்துப் போகும் கிள்ளான்காரர்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு அறுபத்தெட்டு வயது. லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், வலது முட்டியை மட்டும் முதலில் மாற்றிவிடலாம் என்று எலும்பு டாக்டர் சொல்லி, போன மாதம் தேதியும் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான், ஆபரேஷனுக்கு முன்னால் இதயத்துக்கு ஒரு ஸ்ட்ரெஸ் டெஸ்ட் வேண்டும் என்றார்கள். எனக்கு அப்போதே பொறி தட்டியது. முட்டிக்குப் போனால் நெஞ்சைக் கேட்கிறார்கள், நாளைக்குப் பல்லையும் கேட்பார்கள். பந்திங்கில் இருக்கும் என் நாத்தனார் இதெல்லாம் இல்லாமலே முட்டியை மாற்றிக்கொண்டு இன்றைக்குப் பாசார், கடைத்தெருவெல்லாம் சுற்றுகிறாள்.

டாக்டர் ஒரு காரணம் சொன்னார். இவருக்கு இனிப்பு நீர் வியாதியும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. நிற்காமல் இரண்டு மாடி ஏற முடியுமா என்று கேட்டதற்கு, "முட்டி விடாது டாக்டர்" என்றார் இவர். முட்டி முதலில் நிறுத்திவிடுவதால், அதற்கு மேல் இதயம் தாங்குமா என்று தெரியவில்லை, அதைத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாகப் பேசுகிறவர்களிடம்தான் நான் கூடுதலாக உஷாராக இருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் இது பணம் பறிக்கிற வேலை என்றேன். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் இவர். கல்யாணமான நாளிலிருந்து இந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது.

ஆனாலும் அந்தச் சோதனை இல்லாமல் மயக்க மருந்து கொடுக்க மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். போன வியாழக்கிழமை கிளம்பினோம். ஸ்டேஷனுக்குப் போகக் காருக்குச் சொன்னேன். ஓட்டுநர் நம்ம ஆள்தான், எங்கே போகிறோம் என்று கேட்டு, எரிகிற நெருப்பில் அவரும் எண்ணெய் ஊற்றினார். "அக்கா, எல்லாம் பிஸ்னஸ்லா. உள்ள போனா ஒரு டெஸ்ட் ரெண்டாகும், ரெண்டு நாலாகும்." பின்சீட்டில் இவர் பலமாகத் தலையாட்டினார்.

கார் கிள்ளான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம், வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் அந்தப் பாலத்தின் நடைபாதை வழியாக நடந்து கடைத்தெருவுக்குப் போவதைப் போன வருஷம் படத்தோடு எழுதியிருக்கிறேன்.

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குக் கொம்யூட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அறுபது வயதைத் தாண்டியவர்கள் மைகார்டு அடையாள அட்டையைக் காட்டினால் பாதிக் கட்டணம். நடுவில் இருக்கும் பெட்டி பெண்களுக்கானது, கணவரோடு போகிறவர்கள் அங்கே ஏறிவிட்டு அசடு வழியாதீர்கள்.

இறங்கி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்தால் சோதனை தொடங்குவதற்கு முன்பே ஒரு சோதனை. இவர் நாலு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, தெரு முழுக்க வாழை இலைச் சாப்பாட்டு வாசனை. இவர் ஒரு கடை வாசலில் நின்றே விட்டார். "திரும்பிப் போயிடலாமா? நீதானே இது ஏமாத்து வேலைன்னே?" என்றார். எனக்கும் கால் அரைமனதாகத் திரும்பியது. பிறகு முட்டி ஆபரேஷன் தள்ளிப்போகுமே என்று நானே இழுத்துக்கொண்டு போனேன்.

ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிட நடை, முட்டி வலிக்காரர்களுக்கு அரை மணி. அங்கே போனதும் என் சந்தேகம் இன்னும் ஏறியது. முட்டி போனவரை எப்படி ஓட விடுவீர்கள் என்று கேட்டேன். ஓட வேண்டாமாம், படுக்க வைத்து ஊசி வழியாக மருந்து ஏற்றுவார்களாம், ஓடுகிற மாதிரி இதயம் வேகமாக அடிக்குமாம். அதை ஸ்கேனில் பார்ப்பார்களாம். படுத்துக்கொண்டே ஓடுவதற்கு மனிதன் காசு கொடுக்கிற காலம் வந்துவிட்டது. உள்ளே ஆள் வரக்கூடாது என்றார்கள். அப்படியானால் திரைக்கு இந்தப் பக்கமாவது உட்காருவேன் என்று அடம்பிடித்தேன். எதை ஏற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஸ்கேன் எடுத்த பெண்ணும் தமிழ்தான். மருந்தின் அளவைக் கூட்டக் கூட்ட, இவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தேன் ஒழுகும் குரல். இதுவும் பில்லில் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அங்கிள், இப்ப நெஞ்சு எப்படி இருக்கு? வலிக்குதா?"

"வலியில்லம்மா. இறுக்கிப் பிடிக்குது. இது பழகினதுதான்லா. பாலத்துல நடக்கறப்ப வருமே, அதே."

"எத்தனை நாளா வருது அங்கிள்?"

"ஒரு வருஷம் இருக்கும்."

மருந்தை நிறுத்துங்கள் என்று உள்ளிருந்த டாக்டர் சொன்னது கேட்டது. நான் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு இதய டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஸ்கேன் திரையில் காட்டினார். வேகமாக அடிக்கும்போது இதயச் சுவரில் ஒரு பக்கம் சரியாக அசையவில்லை. அங்கே போகும் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம், ஆஞ்சியோகிராம் செய்துதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். முட்டி ஆபரேஷன் இப்போதைக்கு இல்லை. இதைக் கவனிக்காமல் மேஜையில் படுக்க வைத்திருந்தால் அங்கேயே மாரடைப்பு வந்திருக்கலாம் என்று அவர் சொன்னபோது, அவரிடம் கேட்க நான் கேள்விகள் எழுதி வைத்திருந்த தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டேன்.

திரும்பும்போது அதே வாழை இலைக் கடையில் உட்கார்ந்தோம். இலை போட்டார்கள், இருவரும் சாப்பிடவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நெஞ்சுன்னு சொன்னா முட்டிய பண்ண மாட்டானுங்க. நான் நடக்கணும்லா."

"டாக்டர்கிட்ட மறைச்சீங்க, சரி. என்கிட்டயுமா?"

"உன்கிட்ட சொன்னா நீ டாக்டர்கிட்ட சொல்லிடுவே."

எனக்கு வந்த கோபத்தில் ரசத்தை அப்படியே அவர் தலையில் ஊற்றியிருப்பேன். அழுகையும் வந்தது. பரிமாறிய தம்பி குழம்பு காரமா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

இந்தப் பயணத்துக்குத் தயாராகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போட்டு அழைத்துப் போங்கள், ஒரு சால்வையும் எடுத்துக்கொள்ளுங்கள், அறை குளிரும். எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எதைச் சாப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சோதனை முடிந்து கொஞ்ச நேரம் படபடப்பு இருக்கும், கிளம்பச் சொல்லும் வரை உட்கார வையுங்கள். பில்லைத் தாராளமாகச் சந்தேகப்படுங்கள், வரிவரியாகக் கேளுங்கள், நானும் கேட்டேன். உங்கள் வீட்டு ஆள் திடீரென்று நீங்கள் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போட்டால் அவரையும் கொஞ்சம் கேளுங்கள். படியில் எதற்காக நிற்கிறார் என்று கேளுங்கள்.

அடுத்த வாரம் ஆஞ்சியோகிராம். அதே ரயிலில்தான் போகிறோம், இந்த முறை யாரும் திரும்பலாமா என்று கேட்கப் போவதில்லை.

நேற்று பாலத்தைப் பற்றி எழுதிய அந்தப் பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். 'ஆற்றை ரசிப்பவர்' என்று படத்துக்குக் கீழே நான்தான் எழுதியிருக்கிறேன். பாலத்தின் நடுவில் நிற்கிறார். வலது கை கம்பியில், இடது கை சட்டைப் பையின் மேல். கைபேசி தண்ணீரில் விழாமல் பிடித்திருக்கிறார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அந்தப் படத்தை நான் எடுத்ததே அவருடைய கைபேசியில்தான்.