கிராதிக்கு உள்ளே நின்றவர்

தன் வீட்டுக்கும் ஊருக்கும் ஒரே அளவுகோல் வைத்திருப்பவன் நீதிமானா, அன்பில்லாதவனா? பாக்கியநாதன் ஐயரை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. நீதியைப் பற்றி நான் படித்த தத்துவ நூல்களில் பெரும்பாலானவை, நீதி சொல்பவனுக்கு மகள் இல்லை என்று வைத்துக்கொண்டே எழுதப்பட்டவை. ஐயருக்கு ஒரு மகள் இருந்தாள்.

ஐயர் என்று லுத்தரன் சபைக்காரர்கள் சொல்வது குருவானவரை. பொறையாறு பக்கத்திலிருந்து மாற்றலாகிப் புனேவுக்கு வந்து, தாபோடியில் எங்கள் சின்னத் தமிழ்ச் சபையைப் பல ஆண்டுகள் நடத்தினார். போன நவம்பரில் அவரை அடக்கம் செய்தோம். கல்லறையில் பேசியவர்கள் அவரைப் பெரிய பிரசங்கியார் என்றார்கள். அது உண்மையில்லை. மூன்று கருத்துகள் சொல்வதாக ஆரம்பித்து இரண்டோடு முடித்துவிடுவார். பாட்டில் சுருதி விலகும்.

வீட்டில் அவர் வேறு ஆள். மனைவி மரகதம் ஆஸ்பத்திரி நர்ஸ். பாதி நாள் ஷிப்டில் இருப்பார். சமையல் ஐயருடையது. கட்கி பஜாரில் மீன் பேரம் பேசுவதற்குத் தேவையான மராத்தியை மட்டும் பிழையில்லாமல் கற்றுக்கொண்டார். மகள் ப்ரீதிக்குத் தினமும் ஜடை பின்னி ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்தில் விடுவார். அங்கி போட்டுக்கொண்டு நிற்கும்போதுகூட அவர் கையில் பூண்டு வாசனை இருக்கும்.

எங்கள் சபையில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அப்பமும் திராட்சை ரசமும் பெறும் திருவிருந்து எடுக்க விரும்புகிறவர் சனிக்கிழமையே ஐயர் வீட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். மற்ற சபைகளில் இது எப்போதோ போய்விட்டது. இவர் விடவில்லை. வாகட் அடுக்குமாடிகளிலிருந்து வரும் ஐ.டி. பிள்ளைகள், “வாட்ஸ்அப்ல சொல்லிடறோம் ஐயரே” என்பார்கள். “கட்டை விரலைக் காட்டிட்டுப் பந்திக்கு வரலாமா? நேர்ல வாங்க, டீ தர்றேன்” என்பார். வந்தவரிடம் டீயைக் கொடுத்துவிட்டு, “யார்கூடயாவது மனஸ்தாபமா?” என்று ஒரே கேள்வி கேட்பார். இருந்தால், சமாதானமாகிவிட்டு வரச் சொல்லி அனுப்புவார்.

அதோடு சேர்ந்தது சபை ஒழுங்கு. கோவில் என்று நாங்கள் சொல்லும் தேவாலயத்துக்கு வெளியே வேறு மதத்தில் கல்யாணம் செய்துகொண்டவருக்கும், அதில் போய் நின்ற பெற்றோருக்கும் ஒரு வருடம் திருவிருந்து கிடையாது. வருடம் முடிந்ததும் சபைக்கு முன்னால் வந்து, செய்தது தவறு என்று சொன்னால்தான் பலிபீடக் கிராதி அருகே மறுபடி முழங்கால் போடலாம். போபோடியில் இருக்கும் சாலமோன், பாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தன் மகன் வேறு மதப் பெண்ணோடு செய்துகொண்ட ரிஜிஸ்டர் கல்யாணத்துக்குப் போனார். ஐயர் அவரை ஒரு வருடம் வெளியே வைத்தார். முடிவில் சாலமோன் முன்னால் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே அந்த வாக்கியத்தைச் சொன்னார். நான் அங்கே இருந்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து ப்ரீதி, தன்னோடு வேலை பார்க்கும் ஷ்ரேயஸைக் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்தாள். மராத்திப் பையன், இந்து. ஐயர் தடுக்கவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. அவர் கல்யாணத்துக்குப் போவாரா, போனால் தனக்கும் அந்த ஒழுங்கை வைப்பாரா என்பதுதான் சபையில் பேச்சு. வீட்டில் நடந்ததை மரகதம் அம்மா பிறகு சொன்னார்.

“அப்பா, நீங்க வந்தா நீங்களும் வெளியதான். சாலமோன் அங்கிளுக்குச் செஞ்சது எனக்கு ஞாபகம் இருக்கு.”

“வராம? உனக்கு யாரு ஜடை பின்னுறது?”

“அரே அப்பா, பார்லர்ல சொல்லியாச்சு.”

“அவங்க பின்னுறது பாதியிலயே அவுந்துடும்.”

போனார். அவர்தான் பின்னினார்.

மறுவாரம் சபைச் சங்கம் கூடியது. செயலாளர் சமாதானமாகவே பேசினார். “ஒழுங்கு சபையாருக்குத்தான் ஐயரே. பரிமாறுறவரே பட்டினின்னா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்” என்றார் ஐயர்.

அந்தச் சனிக்கிழமை அவர் போபோடிக்குப் போனார். சாலமோனே எனக்குச் சொன்னது இது.

“என்ன ஐயரே, வழி தவறிட்டீங்களா?”

“நாளைக்குத் திருவிருந்து. பேர் கொடுக்க வந்தேன்.”

“என்கிட்டயா?”

“நீங்கதான் இந்த வழியாப் போய்ட்டு வந்தவரு. வேற யாருகிட்டக் கொடுக்க?”

சாலமோன் விட்டுக்கொடுக்கவில்லை. “எனக்கு ஒரு வருஷம் வெச்சீங்க. உங்களுக்கும் அதேதான். கன்செஷன் எல்லாம் கிடையாது.”

“ஐயரைப் பார்த்து என்ன பேச்சு இது!” என்று உள்ளேயிருந்து அவர் மனைவி சத்தம் போட்டார்.

“சரியாத்தாம்மா சொல்றாரு” என்றார் ஐயர். “டீ இருக்கா?”

அந்த வருடம் முழுவதும் அவர் எல்லோருக்கும் அப்பமும் ரசமும் கொடுத்தார். தான் எடுக்கவில்லை. தகுதியைப் பார்த்துக் கிடைப்பதல்ல கிருபை என்று பிரசங்கித்துவிட்டு, அதே பலிபீடத்தில் பட்டினியாக நின்றார். இதை முரண்பாடு என்றே அன்று நினைத்தேன். இன்றும் முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் வேறு யாரையும் செலவழிக்காமல் தன்னையே செலவழித்த முரண்பாடு அது. அப்படிப்பட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை.

வருடம் முடிந்த ஞாயிறு கோவில் நிறைந்திருந்தது. மகள் கல்யாணத்துக்குப் போனது தவறு என்று ஐயர் வாயால் சொல்வதைக் கேட்கத்தான் பலர் வந்திருந்தார்கள். ப்ரீதியும் வந்திருந்தாள். ஷ்ரேயஸ் கடைசி பெஞ்சில் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். பாவ அறிக்கை முடிந்ததும், அந்த வாக்கியம் வர வேண்டிய இடத்தில் ஐயர் நின்றார். சாலமோனைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஆராதனையைத் தொடர்ந்தார்.

ஜனங்கள் கிராதியருகே வந்து முழங்கால் போட்டார்கள். கடைசி வரிசையில் ப்ரீதி வந்தாள். அவளும் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. செயலாளர் இருமினார். வரிசையில் இடமில்லை, சாலமோன்தான் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

ஐயர் ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்து மகள் முன் நின்றார். அப்பத்தை அவள் கையில் வைத்தார். பாத்திரத்தை அவள் உதட்டுக்குக் கொண்டுபோனார். பிறகு பீடத்துக்குத் திரும்பி, தான் எடுக்காமல் பாத்திரத்தின் மேல் வெள்ளைத் துணியைப் போட்டு மூடினார்.

மரகதம் அம்மா அன்று மத்தியானம் ஏன் என்று கேட்டிருக்கிறார். “சாப்பாடு ஆறுது, உக்காரு” என்று பதில் வந்ததாம். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு திருவிருந்திலும் அப்படியே செய்தார்: மகள் வந்தால் மகளுக்குக் கொடுத்தார், தான் எடுத்துக்கொள்ளவில்லை.