மண்டோர் கிளாஸ்

1. திறக்காத திரை

செனாய் தொழிற்பேட்டையில், பெட்டி கட்டும் மெஷின்களுக்கு டச் ஸ்கிரீன் புரோகிராம் எழுதுவது என் வேலை. அன்று செய்த மெஷினில் மாறி மாறி வரும் திரைகள் முப்பது. ஒவ்வொன்றும் வேறு மோட்டாரைப் பார்க்கும். ஆனால் எந்தத் திரையில் ஸ்டாப்பைத் தொட்டாலும் பெல்ட் நிற்க வேண்டும்.

யாரும் மறக்கக் கூடாதென்று எல்லாத் திரைகளுக்கும் தாயாக, உள்ளே வேலை எதுவும் எழுதாத மாதிரி வடிவம் ஒன்றை, ஒரு அப்ஸ்ட்ராக்ட் கிளாஸை, எழுதினேன். அது வெறும் உத்தரவு: 'ஸ்டாப் வேலையை நீயே எழுது.' எழுதாத திரையை, புரோகிராமைச் சரிபார்த்து மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் விடாது. என் அறிவை நானே மெச்சிக்கொண்டு, திரைகளை வரைய உதவும் டிசைனர் மென்பொருளில் முதல் திரையைத் திறந்தேன்.

திறக்கவில்லை. வரைய உட்காரும்போது டிசைனர் அந்தத் தாய் கிளாஸை உருவாக்கிப் பார்க்கும். வெறும் உத்தரவு மட்டும் உள்ள அப்ஸ்ட்ராக்ட் கிளாஸை உருவாக்க முடியாது. பட்டன்கள் இருக்க வேண்டிய இடத்தில் பிழைச் செய்தி.

மேனேஜர் செல்வம் எட்டிப் பார்த்தார். "அலமாக், பாலா! வெள்ளிக்கெழம கஸ்டமர் வர்றாங்க. அந்த அப்ஸ்ட்ராக்ட்ட தூக்கிப் போடுலா."

"தூக்கிட்டா எவனாச்சும் ஸ்டாப்ப எழுத மறந்துருவான் பாஸ்."

"எவன் மறப்பான்? எழுதுறதே நீ ஒருத்தன்தான?"

2. நடுவில் ஒருவர்

ரப்பர் தோட்டத்தில் துரைக்கும் பால்மரம் வெட்டுபவர்களுக்கும் நடுவில் மண்டோர் என்ற கங்காணி நிற்பார். நானும் தாய் கிளாஸுக்கும் திரைகளுக்கும் நடுவில் ஒரு சாதாரண கிளாஸை நிறுத்தி, 'மண்டோர்' என்று பெயர் வைத்தேன். உத்தரவுகளுக்கெல்லாம் 'சரிங்க' என்பார், ஒன்றும் செய்யமாட்டார். அவரை உருவாக்க முடியும் என்பதால் டிசைனர் சமாதானமானது. முப்பது திரையும் திறந்தன. அன்று கேண்டீனில் இரண்டு பேரிடம் வலியப் போய் இதை விளக்கினேன். இருவரும் அக்கவுண்ட்ஸ்.

புதன்கிழமை டெஸ்ட் ஆபரேட்டர் கமலா, மூடி ஒட்டும் திரையில் ஸ்டாப்பைத் தொட்டார். பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்டிகள் கீழே விழ, பக்கத்திலிருந்த சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அடித்து நிறுத்தினார்.

"அண்ணே, ஸ்டாப் பட்டன அழகுக்கு வெச்சிருக்கீங்களா? நின்னுருச்சின்னு நெனச்சி உள்ள கைய விட்டிருந்தா?"

அந்தத் திரையின் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். மண்டோர் சொன்ன 'சரிங்க'வை டிசைனர் மட்டுமல்ல, கம்பைலரும் நம்பிவிட்டது. அந்தத் திரைக்கு ஸ்டாப் எழுதவே இல்லை.

3. மூன்று தடவை

நான் வரைந்து பார்க்கும் டிபக் பில்டில் மட்டும் மண்டோர் இருக்கட்டும். மெஷினுக்குப் போகும் ரிலீஸ் பில்டில் திரைகள் நேராகத் தாய் கிளாஸிடமே நிற்கட்டும் என்று மாற்றினேன். கம்பைல் செய்ததும் மூன்று பிழைகள்: மூன்று திரைகளில் ஸ்டாப் இல்லை.

செல்வம் எண்ணிப் பார்த்தார். "மூணு பேரு மறந்துட்டானுங்க போல?"

"ஒரே ஆளுதான் பாஸ். மூணு தடவ."

மூன்றையும் எழுதினேன். வியாழக்கிழமை கமலா திரும்ப வந்தார்.

"பத்துத் திரை பாத்தா போதும்மா," என்றேன்.

"முப்பதையும் காட்டுங்கண்ணே."

முப்பது தடவை தொட்டார். முப்பது தடவையும் பெல்ட் நின்றது.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன்: படம் வரையும் டிசைனரிடம் ஒரு பொய் சொல்லலாம், வேறு வழியில்லை. அந்தப் பொய் மெஷின் வரை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசித் திரையில் பெல்ட் நின்றதும், உள்ளே சிக்கியிருந்த பெட்டியைக் கமலா கையை விட்டு எடுத்தார். நிஜமாகவே நின்றதா என்று என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கஸ்டமர் வெள்ளிக்கிழமைதான் மெஷினை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார். எனக்கான கையெழுத்து வியாழக்கிழமையே கிடைத்துவிட்டது.