கூடச் சாப்பிடும் சோறு

தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் எந்நேரமும் யார் வீட்டிலாவது சோறு கொதிக்கும். சுரங்கத்தில் மூன்று ஷிப்ட் அல்லவா? அந்த மணம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அறுபதுகளில் என் ஐடா சித்தி அங்கிருந்த சின்ன டிஸ்பென்சரியில் நர்ஸ். அவர் லைனில் நடந்து வந்தால் பருமனான பெண்கள் வீட்டுக்குள் போய்விடுவார்கள். "எடை மெஷின் வருது" என்று கேலி வேறு.

ஜெயம்மாவால் ஒளிய முடியவில்லை. அவருக்குக் குடலிறக்கம். வலி வந்தால் குடத்தைக்கூடத் தூக்க முடியாது. எடை குறையாமல் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து என்று டாக்டர் ஆபரேஷனைத் தள்ளி வைத்திருந்தார்.

"சோத்தைக் கொறைச்சியா ஜெயம்மா?"

"கொறைச்சுட்டேன் சிஸ்டர். உங்க மாதா மேல சத்தியம்."

"எங்க மாதாவ எதுக்கு இழுக்கிறே? அப்போ மெஷின்தான் பொய் சொல்லுதா?"

ஜெயம்மா அழுதுகொண்டே போனார். மனம் கேட்காமல் ஒரு மதியம் சித்தி அவர் வீட்டுக்குப் போனார். சின்ன மகன் நாகேஷ் அப்போதுதான் முதல் ஷிப்ட் முடிந்து வந்திருந்தான். அவனுக்கு எதிரே ஜெயம்மாவும் தட்டு வைத்து உட்கார்ந்தார்.

"காலையில வீட்டுக்காரரோட சாப்பிட்டேன்னு சொன்னியே?"

"அவரு நைட் ஷிப்ட் முடிஞ்சி வந்தாரு. ராத்திரி பெரியவன் வருவான். கீழேர்ந்து ஏறி வந்தவங்களைத் தனியா சாப்பிட உடலாமா சிஸ்டர்?"

சித்தியின் அப்பாவும் சுரங்கத் தொழிலாளிதான். அம்மா அவருடன் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்து வளர்ந்தவர் சித்தி. ஆனாலும் ஜெயம்மா யாரோடெல்லாம் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று கேட்க அதுவரை அவருக்குத் தோன்றவில்லை.

"உக்காரு, வேணாங்கல. ஒரு வேளைச் சோத்தையே மூணு பேரோடயும் பிரிச்சுச் சாப்பிடு. மிச்சத்துக்குக் கீரை, காய் போட்டுக்கோ."

"இன்னா சிஸ்டர், கோழிக்கு எறைக்கிற மாதிரி! அம்மா சாப்பிடலன்னா எனக்குத் தொண்டையில எறங்காது" என்றான் நாகேஷ்.

"அம்மாவுக்கு ஆபரேஷன் ஆவணுமா, வேணாமா?"

நாகேஷ் அம்மாவின் தட்டிலிருந்த சோற்றில் பாதிக்கு மேல் அள்ளித் தன் தட்டில் போட்டுக்கொண்டான்.

அதன் பிறகு சித்தி பெண்களிடம் எவ்வளவு சாப்பிடுகிறாய் என்று மட்டும் கேட்பதில்லை. யார் யாரோடு சாப்பிடுகிறாய் என்றும் கேட்பார். புதிதாக வரும் நர்ஸ்களுக்கும் அதையே சொன்னார்.

ஜெயம்மாவின் எடை மெதுவாகத்தான் இறங்கியது. மறு வருஷம் பொங்கல் கழிந்து ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர் சுரங்க ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருந்த நாட்களில் வீட்டில் நாகேஷ்தான் சமையல். சோறு களியாகிவிட்டது என்று அவன் அப்பா வார்டுக்கே வந்து புகார் சொன்னாராம். ஜெயம்மா தையலைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார் என்று சித்தி சொல்வார்.