பியானோவுக்கு அடியில் இரண்டு நாள்

அமெரிக்காவிலிருந்து வந்த அட்டைப்பெட்டி ஒன்றை ஸ்பின்னிங் மாஸ்டர் எங்கள் நூல் மில்லின் பிளான்ட் அறைக்குக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். தொண்ணூற்று மூன்று, சித்திரை மாதம். ராஜபாளையத்தில் வெளியே தலைகாட்ட முடியாத வெயில்.

"முதலாளி வீட்டுக்குப் போகணும். அங்க ஒரு பியானோ இருக்கு. அதுக்கு அடியில இதை மாட்டணுமாம். ஈரப்பதம் சம்பந்தப்பட்டதுன்னு சொன்னாங்க. அந்த வேலை உன்னை விட்டா வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

அது உண்மைதான். மில்லில் ஈரப்பதத்தைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. காற்று காய்ந்துபோனால் நூல் அறும். அதனால் ஆளைவிட உயரமான விசிறிகள் தண்ணீர்ச் சாரல் வழியாகக் காற்றை இழுத்து, நனைத்து, இயந்திரங்கள் ஓடும் கூடங்களுக்கு அனுப்பும். வெளிக்காற்று உள்ளே வருவதற்கு இரும்புத் தகட்டுக் கதவுகள் உண்டு. டேம்பர் என்போம். அவற்றைத் திறந்து வைத்தால் கூடத்தில் பஞ்சுத்தூசி குறையும். ஆனால் வெளியே இருந்து வரும் சூடான காற்றை நனைத்துக் குளிர்விக்க மின்சாரம் கூடுதலாகப் பிடிக்கும். முந்தைய வருடச் சித்திரையில் மாஸ்டர் டேம்பர்களை மூடச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து உள்ளே இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பச் சுற்ற விட்டுக்கொண்டிருந்தோம். மூடியது நான்தான். சக்கரத்தைப் பிடித்துத் திருகி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தக் கூடங்களில் ஒன்றில் என் அக்கா வேலை செய்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். கல்யாணமாகிப் போன வேகத்திலேயே திரும்பி வந்தவள். என்னை ஐடிஐ படிக்க வைத்ததும், மாஸ்டரிடம் சொல்லி மில்லுக்குள் சேர்த்துவிட்டதும் அவள்தான். வயது ஏறியதும் அவளை நூல் பகுதியிலிருந்து கார்டிங் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். பஞ்சைச் சிக்கெடுக்கும் இயந்திரங்களுக்கு அடியில் விழுகிற கழிவைக் கூட்டி அள்ளுகிற வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இரண்டு பேரும் ஒரே மில் பஸ்ஸில்தான் வருவோம்.

பங்களாவின் முன்கூடத்தில் அந்தப் பியானோ நின்றது. மூன்று கால்களில் நிற்கிற, மேல்மூடியைத் தூக்கி முட்டுக்கொடுத்து வைக்கிற பெரிய பியானோ. அதற்கு முன் நான் பார்த்ததில்லை. முதலாளியின் மனைவிக்கு ஐம்பது வயதிருக்கும். மலைமேல் இருக்கிற ஒரு கான்வென்டில் படித்தபோது வாசிக்கக் கற்றுக்கொண்டாராம். கல்யாணத்தின்போது அப்பா வீட்டிலிருந்து இதையும் லாரியில் அனுப்பிவைத்தார்களாம்.

"கோடையில சுருங்கி வெடிக்குது. கார்த்திகை மழையில கட்டையை அமுக்கினா அமுங்குன மேனிக்கே நிக்குது" என்றார். மூடிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். கம்பிகளுக்குக் கீழே கூடம் போலப் பரந்திருந்த மெல்லிய பலகையில் இரண்டு நீள விரிசல்கள். "சத்தம் எல்லாம் இந்தப் பலகையிலதான் இருக்கு. இன்னொரு வெடிப்பு விழுந்தா அம்புட்டுத்தான். அதான் எங்க அண்ணன் இதை அனுப்பியிருக்காரு."

பெட்டியைப் பிரித்தோம். தட்டையான ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன்மேல் தொங்கவிட வேண்டிய துணிப்பட்டைகள், அவற்றைச் சூடாக்க ஒரு கம்பி. காற்று நனைந்திருக்கும்போது அதைக் காய வைக்க வேறு இரண்டு சூட்டுக் கம்பிகள். எது எப்போது ஓட வேண்டும் என்று தானாகவே தீர்மானிக்கிற உள்ளங்கை அளவு கருவி ஒன்று. தண்ணீர் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கு. எங்கள் மில்லில் ஒரு கட்டடமே செய்கிற வேலையை இந்தச் சாமான்கள் ஒரு பியானோவின் வயிற்றுக்கு மட்டும் செய்யப் போகின்றன. எனக்கு அது பிடித்திருந்தது. ஒளிக்காமல் சொல்வதென்றால் ஆசையாகவே இருந்தது.

முதல் நாள் மாட்ட முடியவில்லை. கருவி அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்தது. நம் ஊர் லைனில் சொருகியிருந்தால் அந்த நிமிடமே கருகியிருக்கும். மதுரைக்குப் போய் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்கி வந்தேன். அடுத்த இரண்டு நாளும் பியானோவுக்கு அடியில் பாய் போட்டு மல்லாந்து படுத்தபடிதான் வேலை. விளக்கப் புத்தகத்தை அந்த அம்மா வாசித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்வார். பலகையில் ஒரு திருகுகூட இறங்கக் கூடாது, குறுக்கே போகிற கனமான விட்டங்களில் மட்டும்தான் துளை போட வேண்டும். டிரில்லின் முனையில் அரை அங்குலம் விட்டு மீதிக்கு டேப் சுற்றிக்கொண்டேன், தவறியும் ஆழம் போய்விடக் கூடாது என்று. மரத்தூள் கண்ணிலும் வாயிலும் விழுந்தது. நான் இருமினேன்.

"சளியா?" என்று மேலிருந்து கேட்டார்.

"மில்லுல எல்லாருக்கும் இருக்கறதுதாம்மா."

அவர் புத்தகத்தின் அடுத்த வரிக்குப் போனார். ஆயுதபூஜைக்கு மட்டும்தான் மில்லுக்குள் வந்திருப்பதாகப் பின்னால் ஒருநாள் சொன்னார்.

தொட்டியை இரண்டு விட்டங்களுக்கு நடுவே தொங்கவிட்டு, கம்பிகளைக் கட்டி, தூசி ஏறாமல் அடியில் துணி மறைத்து முடிக்க இரண்டாம் நாள் மதியம் ஆகிவிட்டது. நான் வெளியே வருவதற்குள் அவர் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்செலும்பில் இறங்கியது. அசையாமல் படுத்திருந்தேன். என் வாழ்நாளில் அதைப்போல ஒன்றை நான் கேட்டதில்லை. இதை எழுதும்போதும் அந்தச் சந்தோஷத்தை என்னால் பொய் என்று சொல்ல முடியவில்லை.

அதன்பின் சனிக்கிழமைதோறும் மில்லிலிருந்து என்னைப் பங்களாவுக்கு அனுப்பினார்கள். தொட்டியில் தண்ணீர் ஊற்றி, ஈரப்பதத்தை அளந்து சொல்வேன். அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த வருடக் கார்த்திகையில் ஒரு கட்டைகூட சிக்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இவர்தான் சரிபண்ணினார்" என்றார்.

அதே கார்த்திகையில் அக்கா பஸ் படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றாள். அவளுக்கு ஒன்றரை வருடமாகவே இருமல் இருந்தது. வார விடுமுறையன்று கொஞ்சம் தேவலை. மறுநாள் மில்லுக்குள் கால் வைத்ததும் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். தைக்குப் பிறகு மதுரையில் நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் முதலில் கேட்டதே, "மில்லுல எந்தப் பகுதியில வேலை பாக்குறீங்க?" என்றுதான். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பஞ்சுத்தூசிதான் காரணம், இனி அந்தத் தூசிக்குள் போகவே கூடாது என்றார்.

மாஸ்டரிடம் வேறு பகுதி கேட்டேன். "அங்க இங்கன்னு ஆளை மாத்திக்கிட்டு இருந்தா மில் ஓடுமா?" என்றார். மாசி மாதம் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கார்டிங் பகுதி டேம்பரைப் பாதி திறந்து வைத்தேன். மூன்றாம் நாளே பிடிபட்டேன். காற்று காய்ந்து பஞ்சு உருளையில் சுற்றுகிறது என்று புகார் வந்திருக்கிறது. எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். நான் போய்த் திரும்ப மூடினேன்.

அடுத்து வந்த சனிக்கிழமை, தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்தவன் பங்களாவை விட்டுப் போகாமல் அங்கேயே நின்றேன்.

"ஒண்ணு சொல்லணும்மா. எங்க அக்கா கார்டிங்குல கீழ விழுற பஞ்சைக் கூட்டுறா. நெஞ்சுல நோவுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவளை வேற இடத்துக்கு மாத்தினாப் போதும். இல்லாட்டி அந்த டேம்பரைக் கொஞ்சம் தெறந்து வைக்கச் சொன்னாக்கூடப் போதும்."

டேம்பர் என்றால் என்ன என்று கேட்டார். விளக்கினேன். கையில் அந்த நோட்டோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதை மூடினது யாரு?"

"நான்தாம்மா. மூடச் சொன்னாங்க, மூடினேன்."

அவர் நோட்டை விரித்துப் பேனாவை எடுத்தார். பிறகு, "நான் அவர்கிட்டச் சொல்லிப் பாக்குறேன். உங்க அக்கா டோக்கன் நம்பர் என்ன?" என்றார்.

நம்பரைச் சொன்னேன். தவறாகிவிடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். அன்றைக்குப் பஸ்ஸில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது இதைச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. நல்ல செய்தியாக வரட்டும் என்று அடக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அக்காவை மில் டாக்டரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். மதியத்துக்குள் அவள் வேலைக்குத் தகுதியில்லை என்று தாள் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். ஷிப்ட் முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, மாற்றாத சேலையோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏலே, என்னையப் பத்தி யார்கிட்டயும் என்னமும் சொன்னியா?"

"முதலாளியம்மாகிட்டச் சொன்னேன்."

"உன்னைய யாரு சொல்லச் சொன்னது?"

"நல்லதுக்குத்தானேக்கா..."

"எனக்கு எது நல்லதுன்னு எங்கிட்டக் கேட்டியா? இருமிக்கிட்டே இன்னும் நாலு வருசம் ஓட்டிருப்பேம்லே."

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். பங்களா வேலையிலிருந்து என்னையும் நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமை வேறொரு ஆள் போகிறான் என்றார் மாஸ்டர். ஆனால் மில்லில் என் வேலை போகவில்லை. நானும் விடவில்லை. எனக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள்.

ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்த முதலாளியம்மா, தேர் நிலைக்கு வந்த மறுநாள் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கார் தெருமுனையிலேயே நின்றுவிட்டது, அவர் மட்டும் நடந்து வந்தார். அக்கா அப்போது படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தே இருப்பாள். என் மனைவி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவர் கொண்டுவந்த பழங்கள், யார் வாங்குவது என்று தெரியாமல், கொஞ்ச நேரம் அவர் கையிலேயே இருந்தன.

"நான் இப்பிடி ஆகும்னு நினைச்சுச் சொல்லலை" என்றார், அக்காவைப் பார்த்து.

அக்கா மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "அது கெடக்கட்டும்மா. ஒக்காந்து செய்யிற வேலையா இருந்தாக் குடுக்கச் சொல்லுங்க. கோணியில எழுத்துப் போடுறது, லேபிள் ஒட்டுறது. கை நல்லாத்தான் இருக்கு." இரண்டு கைகளையும் திருப்பிக் காட்டினாள்.

அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். "அங்க என் பேச்சு எடுபடாதும்மா" என்றார்.

"அப்ப எதுக்கு வந்தீய?"

அக்கா அதைக் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் எழுந்தார். வாசல்வரை நான் கூடப் போனேன். நான் எதுவும் கேட்காமலேயே, பியானோ விளக்கு இரண்டு மாதமாகச் சிவப்பில் நிற்கிறது, புது ஆள் தொட்டியைப் பார்ப்பதே இல்லை, பலகை மூன்றாவது இடத்தில் வெடித்துவிட்டது என்றார். "நான் தண்ணி ஊத்தியிருக்கலாம். எனக்கு அது பக்கத்துல போகப் பிடிக்கலை" என்றார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த ஒரு தடவைதான்.

ஐப்பசி மழையில் அக்காவுக்கு ரொம்ப முடியாமல் போனது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தபோது டேம்பர் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு அது தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. மூடியது நான் என்று சொன்னேன்.

"எப்ப இருந்து?"

"தொண்ணூத்திரெண்டு சித்திரையில இருந்து."

விரல்களை மடக்கி மாதங்களை எண்ணினாள். "அந்த ஆடியிலதான் எனக்கு மொத இருமல் வந்துச்சு" என்றாள். நான் காத்திருந்தேன். ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். அவள் முதுகிலிருந்து என் கையை எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு கொஞ்சம் வெந்நீர் கேட்டாள்.

மார்கழி முடிவதற்குள் ஒரு காலையில், பல் துலக்கத் தண்ணீர் கொண்டுவரப் போன என் மனைவி திரும்புவதற்குள், உட்கார்ந்தபடியே போய்விட்டாள். நாற்பத்து ஏழு வயது. கார்டிங் பெண்கள் ஷிப்ட் ஷிப்டாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அழுகையைவிட இருமல்தான் அன்று எங்கள் வீட்டில் அதிகம் கேட்டது.

அக்கா போய் ஒரு மாதம் இருக்கும். தொழிற்சாலையைப் பார்வையிட அதிகாரி ஒருவர் வருகிறார் என்று முந்தின நாளே தகவல் வந்துவிட்டது. மாஸ்டர் டேம்பர்களைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். துருப்பிடித்திருந்த சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுத் திருக வேண்டியிருந்தது. மறுநாள் வந்தவர் பொறுமையான மனிதர். பிளான்ட் அறைக்குள் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மாஸ்டரை விட்டுவிட்டு என்னிடமே நேராகக் கேட்டார்.

"இது எப்பவும் திறந்துதான் இருக்குமா?"

மாஸ்டர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அதிகாரி இன்னொரு தடவையும் கேட்டார். எனக்கு முதல் தடவையே கேட்டிருந்தது.

"எப்பவும் திறந்துதான் சார் இருக்கும்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அன்று சாயங்காலம் மாஸ்டர் சொன்னதும் மூடினேன். அதற்குப் பிறகும் ஐந்து வருடம் அந்த மில்லில் வேலை பார்த்தேன். என் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ இதை நான் சொன்னதில்லை.