எனக்கு ஒதுக்கப்பட்ட ஊழியம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் என்னைக் கோயிலுக்கு வரச்சொல்லி அழைத்தார். நான் அப்போது கோயில் வளாகத்துக்குள்தான் நின்றுகொண்டிருந்தேன். நான் கைகாட்டிய இடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கியவர், கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அருகில் வந்தார். "இந்த மழையில் நிற்கிறீர்களே. வேலை இல்லாத ஒரு ஞாயிறு உள்ளே வந்து பாருங்கள். இங்கே எல்லோருக்கும் இடமுண்டு" என்றார். உண்மையான அன்போடுதான் சொன்னார். ஏதோ செக்யூரிட்டி கம்பெனி அனுப்பிய ஆள் என்று என்னை நினைத்துவிட்டார். அதே சபையில் நான் மூன்று வருடமாக அங்கத்தினன், போன மாதம் திருவிருந்தில் அவருக்குப் பக்கத்தில் நின்று அப்பம் வாங்கியவன் என்று சொல்ல வாயெடுத்தேன். "தேங்க் யூ சார்" என்பது மட்டும்தான் வெளியே வந்தது.

மதுரையில் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் கிளார்க்காக இருந்தேன். என் மனைவி வசந்தா நர்ஸ். அவளுக்கு இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள இந்தச் சிறுநகரத்தின் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது, அவளுடைய விசாவில் ஒட்டிக்கொண்டு நானும் வந்தேன். வார நாட்களில் ஒரு கிட்டங்கியில் பெட்டி அடுக்குகிறேன். அதைப்பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. வயிற்றுப்பாட்டுக்கு எந்த வேலையும் செய்யலாம் என்று சொல்லித்தான் விமானம் ஏறினேன். ஆனால் கோயில் வேறு என்று நினைத்திருந்தேன். மதுரையில் நான் சபைச் செயலாளர். வேதபாடம் வாசிப்பேன், ஓய்வுநாள் பள்ளி நடத்துவேன், பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஒன்றுக்கு நான்தான் தியானம் சொல்வேன். இந்த ஒரு இடத்திலாவது நான் பழைய ஆளாகவே இறங்கி நடக்கலாம் என்று நம்பினேன்.

இங்கே சபையில் சேர்ந்த ஆறாவது மாதம் ஹெலன் என்கிற அம்மாள் என்னைக் காபிக்கு அழைத்தார். அங்கத்தினர்களில் யார் யாருக்கு எந்த ஊழியம் பொருந்தும் என்று கண்டுபிடித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. வட்டமேசை, இரண்டு கோப்பை, நடுவில் ஒரு படிவம். "வாட் ஆர் யூ பேஷனேட் அபௌட்?" என்று கேட்டார். மிஷன் பள்ளியில் படித்தவனுக்கு பேஷன் என்றால் கிறிஸ்துவின் பாடுகள். இவ்வளவு ஆழமாகக் கேட்கிறாரே என்று நெகிழ்ந்துபோய், பெரிய வெள்ளிக்கிழமையைப் பற்றியும், நான் சொல்லும் தியானத்தைப் பற்றியும், அன்று கோயிலில் மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு மூன்று மணிநேரம் உட்கார்ந்திருப்பதைப் பற்றியும் பத்து நிமிடம் பேசினேன். அந்த அம்மாள் புன்னகை மாறாமல் கேட்டுவிட்டு, "ஹவ் லவ்லி! ஆனால் நான் கேட்டது, உங்களுக்கு என்ன செய்வதில் ஆர்வம்? சமையல், தோட்டவேலை, இப்படி ஏதாவது?" என்றார்.

நான் வேதம் வாசிக்க விரும்புகிறேன் என்று சொன்னேன். அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து மறுபடி அழைத்தார். "உங்கள் குரல் எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா? ஆனால் பின்வரிசையில் இருக்கும் வயதானவர்களுக்கு உங்கள் ஆக்சென்ட் பிடிபடக் கொஞ்சம் சிரமமாக இருக்கலாம். உங்களிடம் நல்ல புன்னகை இருக்கிறது. வருகிறவர்களை முதலில் பார்க்கிற முகம் உங்களுடையதாக இருக்கட்டும்" என்றார். அப்படித்தான் நான் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து சேர்ந்தேன். மஞ்சள் நிறத்தில் ஒளிரும் மேல்சட்டை ஒன்று கொடுத்தார்கள். முதல் பாட்டும் ஜெபமும் வேதவாசிப்பும் முடிகிற வரைக்கும் நான் வெளியே நிற்க வேண்டும். தாமதமாக வருகிறவர்களுக்காக.

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் சொன்னேன். அவள் இரவுப்பணி முடித்து வந்து உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லதுதான. ரெண்டு மணி நேரம் நின்னா சுகர் கொறையும்" என்றாள்.

"வெளையாடாத. என் இங்கிலீஷ் அம்புட்டு மோசமாவா இருக்கு?"

அடுப்பை அணைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "செல்வராணிக்கு நீங்க சொன்னதத்தான் அந்தம்மா ஒங்களுக்குச் சொல்லிருக்கு. அப்ப உச்சரிப்புன்னு சொன்னீங்க. இவங்க ஆக்சென்ட்டுங்கிறாங்க" என்றாள்.

செல்வராணி மேலூர்ப் பக்கத்துக்காரி. கல்குவாரியில் வேலை செய்த அவள் கணவருக்குக் கையில் அடிபட்டதும் குடும்பத்தோடு மதுரைக்கு வந்து எங்கள் சபையில் சேர்ந்தாள். சங்கீதங்களில் பாதி அவளுக்கு மனப்பாடம். ஆஸ்பத்திரியில் யாராவது கிடந்தால் சபைப் போதகரான ஐயரவர்கள் போவதற்கு முன்னால் அவள் போய் ஜெபித்துவிட்டு வந்திருப்பாள். ஆனால் அவள் எந்தத் தெருவிலிருந்து வந்தவள் என்பது சேர்ந்த முதல் மாதமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கோயிலுக்குள் சாதிப்பெயரை நாங்கள் உச்சரிக்கமாட்டோம். அதில் எங்களுக்குப் பெருமைகூட உண்டு. உச்சரிக்காமலே எல்லாக் காரியத்தையும் நடத்திக்கொள்ளத் தெரிந்தவர்கள் நாங்கள்.

புதிதாக வந்த இளம் ஐயர் ஒருவர், சபையில் யாரும் சும்மா உட்காரக்கூடாது, அவரவர் தாலந்துக்கு ஏற்ற ஊழியத்தை எழுதிக் கொடுங்கள் என்று அறிவித்தார். வந்த தாள்களையெல்லாம் வாங்கி வைத்தவன் நான். செல்வராணி நோட்டுத்தாளைக் கிழித்து பென்சிலால், "வேதம் வாசிக்க ஆசை" என்று எழுதியிருந்தாள். கமிட்டியில் அந்தத் தாளை எடுத்ததும் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஐயர் மட்டும், "வாசிக்கட்டுமே, என்ன தடை?" என்றார். பதில் வேண்டியிருந்தது. "உச்சரிப்பு சரியா வராதுங்கய்யா" என்றேன். ஆம், அந்தச் சொல்லை முதலில் எடுத்துக்கொடுத்தவன் நான்தான். எல்லோருக்கும் மூச்சு வந்தது. "ஆமாமா, ளகரம் ழகரம் எல்லாம் ஒண்ணாத்தான வருது" என்று ஒரு மூப்பர் ஒத்து ஊதினார். வாழைப்பழத்தை வாளப்பளம் என்று ஆயுள் முழுக்கச் சொன்னவர் அவர். ஐயர் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பேசாமலிருந்துவிட்டார். நான் பேரேட்டில், "செல்வராணி: ஆலய சுத்தம்" என்று எழுதினேன்.

ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் வைத்து அவளிடம் சொன்னேன். அவளுடைய மகள் ரூத், பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆண்டவர் வீட்டச் சுத்தமா வச்சுக்கிறது பெரிய ஊழியம்மா" என்றேன்.

"வாசிக்கத்தானண்ணே எழுதிக் குடுத்தேன்?"

"அதுக்குப் பயிற்சி வேணும்."

"குடுங்கண்ணே, வாரேன். எந்தக் கெழமன்னு சொல்லுங்க."

"பாப்போம், பாப்போம்."

"எங்கப்பனும் ஆத்தாளும் காலம்பூரா கூட்டித்தாண்ணே பெருக்குனாங்க. அத வாங்குறதுக்கு நான் தாள்ல எழுதிக் குடுக்கணுமா?" என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை. நான், "அப்படியெல்லாம் நெனைக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு, வேறு யாரோ கூப்பிட்டதுபோல நகர்ந்துவிட்டேன். நாலு வருடம் சனிக்கிழமை தவறாமல் அவள் வந்து கூட்டினாள். மகளும் இன்னொரு விளக்குமாற்றோடு வருவாள். அப்புறம் வாடிப்பட்டிப் பக்கம் கணவருக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்ததென்று குடிபோனார்கள். ஏன் வரவில்லை என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை. சுத்தம் செய்ய ஆள் தேடியபோதுதான் அவள் பெயர் மறுபடி கமிட்டியில் வந்தது.

போன ஜனவரியில் விடுப்பில் மதுரைக்குப் போனேன். என் பழைய சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கைகுலுக்கல், பொன்னாடை எல்லாம் நடந்தது. புதுச் செயலாளர், "அண்ணே, வெளிநாட்டுல இருக்கவங்கள அங்கத்தினர் லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டோம். தப்பா நெனைக்காதீங்க, சட்டம் அப்படி" என்றார். அந்தச் சட்டத்தை எழுதிய கமிட்டியில் நானும் இருந்தேன். செல்வராணி வாடிப்பட்டியில் ஜெபக்கூட்டம் நடத்துகிறாள் என்று அவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று மத்தியானமே பஸ் ஏறினேன். சமயநல்லூர் தாண்டுகிற வரைக்கும், திரும்பிவிடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வயலை ஒட்டிய தகரக்கொட்டகையில் முப்பது பேர் இருந்தார்கள். செல்வராணிக்கு முன்தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு, "வாங்கண்ணே. அக்கா சொகமா?" என்று நாற்காலி எடுத்துப்போட்டாள். நாலு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. அங்கே படிவமும் இல்லை, பேரேடும் இல்லை. "இன்னைக்கு யாரு வாசிக்கிறீங்க?" என்று கேட்டாள். திக்குவாய் உள்ள ஒரு பெண் எழுந்தாள். ஒரே சொல்லில் அவள் ஐந்தாறு தரம் முட்டி நின்றாள். முப்பது பேரும் அசையாமல் காத்திருந்தார்கள். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை, இருமக்கூட இல்லை. அவள் முடித்து உட்கார்ந்தபோது எனக்கு வியர்த்திருந்தது.

கூட்டம் கலைந்தபின் செல்வராணியிடம் தனியே சொன்னேன். உச்சரிப்பு என்று முதலில் சொன்னது நான்தான் என்றும், காரணம் அதுவல்ல என்று தெரிந்தே சொன்னேன் என்றும் சொல்லி, மன்னிக்கக் கேட்டேன்.

"அப்பவே தெரியும்ணே" என்றாள். "நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். இல்லாட்டி இங்க உக்காந்து ஜெபிக்க முடியுமா? ஆனா ரூத்து இப்பக் கோயம்புத்தூர்ல வேல பாக்குது. எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கிறதில்ல. கல்யாணத்தக்கூட ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சிக்கிருச்சு. 'ஒன்னய வெளக்கமாத்தோட நிறுத்துன சாமி எனக்கெதுக்கு'ங்குது. அதுகிட்டப் போயி யாருண்ணே மன்னிப்புக் கேக்குறது?"

முகவரி கேட்கவேண்டும் என்று தோன்றியது. ஆனால் நான் கேட்கவில்லை. அவளும் தரவில்லை.

கிளம்பும்போது ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். வாராவாரம் யாருக்காக ஜெபிக்கவேண்டும் என்று எழுதிவைக்கிற நோட்டு. "ஒங்க பேரையும் போடுறேண்ணே. ஊழியக்காரங்க பக்கத்துல போடட்டுமா? அங்க என்ன ஊழியம் செய்றீங்க?"

இத்தனைக்குப் பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு தடையும் இருந்திருக்கக்கூடாது. அவள் சிரித்திருக்கமாட்டாள். அவளைவிட அதை நன்றாகப் புரிந்துகொள்கிறவர்கள் உலகத்தில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் என் வாய், "வேதம் வாசிக்கிறேம்மா" என்றது.

அவள் முகம் மலர்ந்தது. "வெள்ளக்காரங்க கோயில்லயா? தோத்திரம்!" என்று சொல்லி, எழுத்துக்கூட்டி நிதானமாக எழுதிக்கொண்டாள்.

வசந்தாவிடம்கூட இதை நான் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். வாடிப்பட்டியில் சாயங்காலம் நாலு மணி என்றால், குளிர்காலத்தில் இங்கே காலை பத்தரை. தகரக்கொட்டகையில் முப்பது பேர் கண்ணை மூடி, தூரதேசத்தில் வேதம் வாசிக்கிற அண்ணனுக்காக ஜெபிக்கிற நேரம் அது. அவர்கள் யாருக்காக ஜெபிக்கிறார்களோ அந்த மனிதன் இங்கே இல்லை, மதுரை லிஸ்டிலும் இல்லை. அவன் இருப்பது செல்வராணியின் நோட்டில் மட்டும். அதே பத்தரை மணிக்கு இங்கே உள்ளே யாரோ வேதம் வாசிக்கத் தொடங்குகிறார்கள். சாத்திய கதவு வழியாக ராகம் கேட்கிறது, சொற்கள் பிடிபடுவதில்லை. நான் தெருவைப் பார்த்துக்கொண்டு, இன்னும் வராத ஒரு காருக்காகக் கையைத் தூக்கியபடி நிற்கிறேன்.